வெள்ளையாகத் தெரிந்த இடம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு என்று ஒரு மேசை இருக்கும். பி.பி. பார்ப்பார்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். முப்பது வயதைத் தாண்டிய பெண் என்றால் செவிலியர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "உள்ள வந்து இன்னொரு டெஸ்டும் எடுத்துக்கலாமாக்கா?" என்று கேட்பார். ஒப்புக்கொண்டு திரைக்குப் பின்னால் போனால் சில நிமிட வேலை. திரும்பி வரும்போது கையில் ஒரு சீட்டு. அதில் 'வி.ஐ.ஏ. நெகட்டிவ்' என்றோ 'வி.ஐ.ஏ. பாசிட்டிவ்' என்றோ எழுதியிருக்கும்.

நெகட்டிவ் வந்தவர் சீட்டை மடித்துப் பையில் போட்டு அத்தோடு மறந்துவிடுகிறார். பாசிட்டிவ் வந்தவர் சாவுச் சேதி கேட்டது போல உட்கார்ந்துவிடுகிறார். சீட்டு சொன்னது இரண்டு பேருக்குமே போய்ச் சேரவில்லை.

பாசிட்டிவ் என்ற சொல் நம் கிராமங்களுக்கு முதலில் எச்.ஐ.வி. பிரசாரத்தோடு வந்தது. அடுத்து கொரோனாவோடு வந்தது. இரண்டு முறையும் அதற்கு ஒரே பொருள்தான்: உனக்கு நோய் இருக்கிறது, தள்ளி நில். தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ஒரு பெண் அந்தச் சொல்லை வேறு விதமாகப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு காரணமும் கொடுக்கப்படவில்லை. ஆனால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. 'இந்த இடத்தை இன்னொரு முறை, இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும்' என்பது மட்டுமே அதன் அர்த்தம். ஏன் அப்படி என்பதற்கு, திரைக்குப் பின்னால் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும்.

கர்ப்பப்பையின் கீழ்முனை கழுத்துப் போலக் குறுகிப் பிறப்புறுப்புப் பாதைக்குள் நீண்டிருக்கும். அதுதான் கர்ப்பப்பை வாய். அதன் உட்புறத்தை ஒற்றை அடுக்காக நிற்கும் மென்மையான செல்கள் மூடியிருக்கின்றன. வெளிப்புறத்தில் தோலைப் போலப் பல அடுக்குச் செல்கள். இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. வயதுக்கு வரும்போதும் கர்ப்ப காலத்திலும் வெளியே நகரும். மாதவிடாய் நின்றபின் உள்ளே ஏறிப் போகும். எல்லை நகரும்போதெல்லாம் அங்கே ஒரு வகைச் செல் இன்னொரு வகையாக மாறிக்கொண்டிருக்கும். ஹெச்.பி.வி. என்ற வைரஸ் இடம் பிடிப்பது பெரும்பாலும் இந்த மாறும் பகுதியில்தான். ஏறக்குறைய எல்லாக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கும் இந்த வைரஸே காரணம். இதைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸில் எத்தனையோ வகைகள் இருந்தாலும், 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகளே நூற்றில் எழுபது புற்றுகளுக்குப் பொறுப்பு.

செவிலியர் நல்ல வெளிச்சம் வைத்து, 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை அந்த இடத்தில் ஒற்றுகிறார். சமையலறை வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். சீட்டில் 'வி.ஐ.ஏ.' என்று எழுதுவது இந்த வினிகர் சோதனையைத்தான். பிறகு ஒரு நிமிடம் காத்திருக்கிறார். இயல்பான செல்களில் பெரிய மாற்றம் தெரியாது. வைரஸால் நிலைமாறிய செல்களில் உட்கரு பெருத்திருக்கும், புரதம் மிகுந்திருக்கும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிவது போல அந்தப் புரதம் அமிலம் பட்டுத் திரிகிறது. அடியிலுள்ள ரத்தக் குழாய்களின் சிவப்பு மறைந்து, அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. சற்று நேரத்தில் வெள்ளை தானாகவே மங்கிவிடும்.

சிக்கல் என்னவென்றால், வெள்ளையாவது கெட்டுப்போன செல் மட்டுமல்ல. வெள்ளைப்படுதலோடு வரும் சாதாரணக் கிருமித் தொற்று, ஆறிவரும் புண், இயல்பாக மாறிக்கொண்டிருக்கும் புதிய செல்கள் என்று இவையும் வெளுக்கும். இவற்றின் வெள்ளை மங்கலாக, ஓரம் கலங்கி இருக்கும். கவலைப்பட வேண்டிய வெள்ளை அடர்த்தியாக, ஓரம் வெட்டினாற்போல, எல்லைக்கோட்டை ஒட்டி இருக்கும். இந்த வித்தியாசத்தை ஒரு மனிதக் கண் சில நொடிகளில் தீர்மானிக்கிறது. சந்தேகம் வந்தால் விட்டுவிடாமல் 'பாசிட்டிவ்' பக்கம் எழுதுவதுதான் முறை. ஒரு பெண்ணை வீணாக அலைய வைப்பதைவிட ஒரு பெண்ணைத் தவறவிடுவது பெரிய பிழை என்று கருதி ஏற்படுத்திய முறை அது. (நேரில் பார்த்ததுமே புற்று என்று சந்தேகிக்கும்படி இருந்தால் சீட்டில் அதைத் தனியாகவே எழுதுவார்கள். அது பாசிட்டிவிலிருந்து வேறு. அதற்கு ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது.)

இந்த எளிய சோதனை உயிரைக் காக்கும் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் பக்கத்திலுள்ள அம்பிளிக்கை. அங்குள்ள சமுதாய நல மையமும், பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. 114 பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 பகுதிகளில் பயிற்சி பெற்ற செவிலியர்கள், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை ஒரே ஒரு முறை வினிகர் முறையில் பரிசோதித்தார்கள். முடிவுகள் 2007-இல் 'லான்செட்' இதழில் வந்தன.

அந்த எண்களைப் பாசிட்டிவ் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். அவர்களில் பாசிட்டிவ் 3,088 பேர், அதாவது பத்தில் ஒருவர். ஏறக்குறைய எல்லாருக்கும் கால்போஸ்கோப்பி என்ற பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை நடந்தது. தேவைப்பட்ட 2,539 பேருக்குச் சிறு துணுக்குச் சதை எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருப்பதாகத் தெரிந்தவர்கள் 1,874 பேர். புற்றுக்கு முந்தைய மாற்றம் என்பதும் புற்று இல்லை. பாசிட்டிவ் வந்த பெண்களில் பெருங்கூட்டத்துக்குப் புற்று இல்லை. பாதிக்குச் சற்று அதிகமானவர்களுக்குச் சரிசெய்யக்கூடிய ஒரு மாற்றம் இருந்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனாலும் அந்த ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையால், பரிசோதிக்காத பகுதிகளோடு ஒப்பிடும்போது புதிதாகப் புற்று வருவது 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்தது.

பரிசோதிக்காத 57 பகுதிகளில் அந்த ஆண்டுகளில் 92 பெண்கள் இந்தப் புற்றால் இறந்தார்கள். அவர்களை ஏன் பரிசோதிக்காமல் விட்டார்கள் என்ற கேள்வி பின்னால் மருத்துவ அறவியல் வட்டாரத்தில் கடுமையாக எழுந்தது. நியாயமான கேள்வி. இன்று தருமபுரியில் ஒரு செவிலியர் தைரியமாகப் பஞ்சை நனைப்பதற்குப் பின்னால் அந்தப் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

புற்றுக்கு முந்தைய மாற்றத்தை மூன்று படிகளாகப் பிரிப்பார்கள். அறிக்கையில் சி.ஐ.என். 1, 2, 3 என்று இருக்கும். முதல் படி பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், கண்காணித்தால் போதும். மூன்றாம் படிதான் முக்கியம். அதை அப்படியே விட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கான விடை மனிதர்களிடம் தேடக் கூடாத விடை. ஆனாலும் தேடினார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்த தேசிய மகளிர் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர், மூன்றாம் படி மாற்றம் புற்றாக மாறாது என்று நம்பி, 1966 முதல் பல பெண்களுக்கு முறையான சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்களுக்கு விஷயமே தெரியாது. சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்க்கிள் என்ற இரண்டு பெண்கள் 1987-இல் ஒரு பத்திரிகையில் எழுதி அதை வெளியே கொண்டுவந்தார்கள். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988-இல் அறிக்கை கொடுத்தார். அந்த மருத்துவமனைப் பதிவுகளை 2008-இல் மறுபடி ஆராய்ந்தபோது தெரிந்தது இது: சிகிச்சை சரியாகக் கிடைக்காத பெண்களில் 30 ஆண்டுகளில் நூற்றுக்கு 31 பேருக்குப் புற்று வந்தது. ஒழுங்கான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட வரவில்லை; 0.7 சதவீதம்தான்.

இருப்பதிலேயே மோசமான முன்நிலைகூட நாளைக்கே புற்றாகிவிடுவதில்லை. வைரஸ் தொற்றிலிருந்து புற்று வரை, எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும் பெண்ணுக்குப் பொதுவாக 15, 20 ஆண்டுகள் ஆகின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் நடக்கும். அதனால்தான் அவர்களை 25 வயதிலேயே பரிசோதிக்கச் சொல்கிறார்கள். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுகள் குறைவு. பாசிட்டிவ் சீட்டைக் கையில் வைத்திருக்கும் பெண், அந்த அவகாசத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிறார். சீட்டு வாங்காத பெண்ணுக்குத்தான் அவகாசம் எவ்வளவு மீதி இருக்கிறது என்று தெரியாது.

தனியார் ஆய்வகத்தில், செல்களை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் 'பாப் ஸ்மியர்' எடுத்தவர்களுக்கு வரும் தாள் இன்னும் குழப்பமானது. முழுக்க ஆங்கிலச் சுருக்கெழுத்துகள். 'என்.ஐ.எல்.எம்.' என்றிருந்தால் கெட்ட மாற்றம் எதுவும் இல்லை. அதற்குக் கீழே 'இன்ஃப்ளமேட்டரி' என்று சேர்த்து எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். அது அழற்சியைத்தான் சொல்கிறது, புற்றைச் சொல்லவில்லை. 'அன்சாட்டிஸ்ஃபேக்டரி' என்றால் எடுத்த மாதிரி போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். உடம்பில் ஒன்றும் குறை சொல்லவில்லை. 'ஏ.எஸ்.சி.-யு.எஸ்.' என்பது 'தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை' என்ற நேர்மையான வாக்குமூலம். பெரும்பாலும் அடுத்து வைரஸ் சோதனை செய்யச் சொல்வார்கள். 'எல்.எஸ்.ஐ.எல்.' இலேசான மாற்றம். 'ஹெச்.எஸ்.ஐ.எல்.' என்றால் தள்ளிப்போடாமல் கால்போஸ்கோப்பிக்குப் போக வேண்டும். இந்தக் கடைசிச் சுருக்கமும் புற்றுக்கு முந்தைய நிலையின் பெயர்தான்.

மூன்றாவது வகை வைரஸையே தேடும் ஹெச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை. உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் இதைத்தான் முதல் சோதனையாகப் பரிந்துரைக்கிறது. 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை எடுத்தால் போதும். மாதிரியைப் பெண் தானே மறைவில் எடுத்துக் கொடுக்கலாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் இதன் பாசிட்டிவ் வேறொரு விதத்தில் வீட்டைக் கலக்கும். உடலுறவால் பரவும் வைரஸ் என்றதும், யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்து, கணவன் மனைவிக்கு நடுவில் சந்தேகம் புகுந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு இந்தச் சோதனையிடம் விடை கிடையாது. இந்த வைரஸ் எத்தனையோ ஆண்டுகள் அடங்கிக் கிடந்து பிறகு தென்படக்கூடும். திருமணமான, குடும்பம் நடத்தும் மனிதர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு முறையாவது இதைப் பெற்றுவிடுகிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் உடம்பே விரட்டிவிடும். ஒருவரை ஒருவர் குற்றவாளியாக்க இதில் ஒன்றுமில்லை. மாமியாரிடம், நாத்தனாரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் செவிலியரே எழுதிக் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

இப்போது நெகட்டிவ் சீட்டுக்கு வருவோம். அதன்மீது நாம் வைக்கும் நம்பிக்கை, பாசிட்டிவ் மீது வைக்கும் பயத்தைப் போலவே அளவு மீறியது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்து 2009-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நெகட்டிவ் என்று வந்தவர்களிடையே பின்னால் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு எத்தனை பேருக்குப் புற்று வந்தது என்று கணக்கிட்டார்கள். ஹெச்.பி.வி. சோதனையில் நெகட்டிவ் வந்தவர்களிடம் 3.7. பாப் சோதனையில் 15.5. வினிகர் சோதனையில் 16. வினிகர் சோதனை பயனில்லை என்று இதற்குப் பொருளில்லை. அம்பிளிக்கை அதன் பயனைக் காட்டிவிட்டது. அந்த நெகட்டிவுக்கு ஆயுள் குறைவு என்றுதான் பொருள். நம் நாட்டு வழிகாட்டுதலில் 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்று இருக்கிறது. வைரஸ் சோதனை வரும்வரை வினிகர் சோதனையை மூன்றாண்டுக்கு ஒரு முறை செய்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஐம்பதைத் தாண்டிய அம்மாக்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்றபின் அந்த எல்லைக்கோடு உள்ளே ஏறிவிடும் என்று சொன்னேனே, பிறகு வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது எட்டாது. அவர்களுக்கு வினிகர் சோதனையின் நெகட்டிவ் பலவீனமானது. பாப் அல்லது ஹெச்.பி.வி. சோதனையே பொருத்தம். எந்த வயதானாலும், தீட்டு நின்றபின் மறுபடி ரத்தம் பட்டால், உறவுக்குப் பின் ரத்தம் பட்டால், துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால், போன மாதம் வாங்கிய நெகட்டிவ் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். பரிசோதனை என்பது ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. தொந்தரவு வந்தவருக்குத் தேவை மருத்துவம்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இந்தியா முழுவதும் 1.9 சதவீதம்தான் என்பதால் நாம் முன்னால் நிற்கிறோம் என்று சொல்லலாம். பத்தில் ஒன்பது பெண்கள் திரைக்குப் பின்னால் போகவே இல்லை என்றும் சொல்லலாம். தேனியிலும் தஞ்சாவூரிலும் 2007-இல் முன்னோட்டமாகத் தொடங்கிய அரசுத் திட்டம், 2012-இல் எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. அதற்குப் பிறகான எண் இது. இனி வரும் தலைமுறைக்குத் தடுப்பூசி இருக்கிறது. இந்தியாவிலேயே தயாராகும் 'செர்வாவேக்' 2022-இல் அனுமதி பெற்றது. ஆனால் இன்று முப்பத்தைந்து வயதில் இருக்கும் பெண்ணுக்கு அந்த ஊசி பெரிய பாதுகாப்புத் தராது. அவருக்கு இருப்பது இந்தச் சீட்டுதான்.

சீட்டுக்கு அப்புறம்தான் பெண்கள் தவறிப்போகிறார்கள். அவ்வளவு அக்கறையாக நடந்த அம்பிளிக்கை ஆய்விலேயே, முன்நிலை மாற்றம் இருந்த 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம். கண்டுபிடித்த பிறகும் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. தருமபுரியின் நிலத்தை நினைத்துப் பார்த்தால் இது புரியும். சித்தேரி மலையில் ஒரு பெண்ணுக்குப் பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். மேல் பரிசோதனைக்கு மலையிறங்கி அரூர் வர வேண்டும்; தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால் இன்னும் ஒரு பஸ். ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு ஆகும், ஆடு மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும், கூட வர ஒரு துணையும் வேண்டும். உடம்பில் வலி ஒன்றும் இல்லை. 'அடுத்த வாரம் போகலாம்' என்பார். அடுத்த வாரம் குடும்பமே பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ கிளம்பிவிடும். சீட்டில் எழுதிய செல்போன் எண் பெரும்பாலும் கணவருடையது. செவிலியர் கூப்பிட்டால் அவர் எடுத்து, "ஊர்ல இல்லீங்க" என்பார். என்ன விஷயம் என்று அவரிடம் சொல்லவும் செவிலியருக்குத் தயக்கம்.

இன்னொரு பக்கம், பயந்துபோன குடும்பம் ஒரேயடியாகக் 'கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள்' என்று தனியார் மருத்துவமனையில் போய் நிற்பதும் நடக்கிறது. முன்நிலை மாற்றத்துக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை. குளிர்ச் சிகிச்சையில், வாயுவால் உறைபனியாக்கிய முனையை அந்த இடத்தில் மூன்று நிமிடம் வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம் வைக்கிறார்கள். கெட்ட செல்கள் உறைந்து உதிர்ந்துவிடும். சில வாரம் தண்ணீர் போலப் படும். ஒரு மாதம் தாம்பத்திய உறவு வேண்டாம் என்பார்கள். கருப்பை அப்படியே இருக்கும். மாற்றம் பெரிதாக இருந்தாலோ உள்ளே ஏறியிருந்தாலோ மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் வழித்தெடுப்பார்கள்.

இப்போது இதைவிடச் சுலபமான வெப்பச் சிகிச்சை வந்திருக்கிறது. தலைமுடி உலர்த்தும் கருவி அளவுக்கு ஒரு பேட்டரிக் கருவி. கேஸ் சிலிண்டர் வேண்டாம். ஏறக்குறைய நூறு டிகிரிக்குச் சூடாகும் முனையை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வைத்தால் முடிந்தது. மாற்றம் முழுதும் கண்ணுக்குத் தெரிந்து, புற்றுச் சந்தேகம் இல்லாதபோது, பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தருவதும் இங்கே புதிதல்ல. இதே தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், 1993-இல் ஒரு குடிசையில் மருத்துவம் தொடங்கிய ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி தம்பதி, உள்ளூர் மலைக்கிராமப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்துக் காட்டியிருக்கிறார்கள். பழகிய முகம் என்றால் திரைக்குப் பின்னால் போகும் தயக்கம் பாதி குறையும்.

அந்தக் கருவி மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால், சித்தேரிப் பெண்ணுக்குச் சோதனையும் சிகிச்சையும் ஒரே நாளில் முடிந்துவிடும். காலையில் வந்தவர், பஞ்சு ஒற்றிய அந்த ஒரு நிமிடமும், வெள்ளை தெரிந்தபின் சூடு வைத்த இன்னொரு நிமிடமும் கழித்து, அடுத்த ஆண்டு வர வேண்டிய தேதி எழுதிய சீட்டோடு சாயங்கால பஸ்ஸிலேயே மலையேறிவிடலாம்.